பிள்ளை பிறந்த வீட்டுக்கு முதலில் வருபவர்

நேயர்களுக்கு வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமங்களில் குடும்ப நல உத்தியோகத்தராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில், பிள்ளை பிறந்த வீட்டுக்குப் பணம் எந்த நாளில் கிடைக்க வேண்டும் என்பதைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். எவ்வளவு என்பதைவிட எந்த நாளில் என்பதே என் கவலை.

உங்கள் வீட்டுக்கும் மிட்வைப் மிஸி, அதாவது என்னைப் போன்ற குடும்ப நல உத்தியோகத்தர், வந்திருப்பார். பிரசவித்த தாயை முதல் 5 நாட்களுக்குள் ஒருமுறையும், 10ஆம் நாளுக்குள் இன்னொரு முறையும் வீட்டில் சென்று பார்ப்பது எங்கள் கடமை. குழந்தையின் தொப்புளையும், தாயின் காய்ச்சலையும், பாலூட்டும் விதத்தையும் பார்க்கும்போதே அடுப்படியும் எங்கள் கண்ணில் பட்டுவிடும்.

மண்முனைத்துறைப் பாலம் 2014இல் திறக்கப்படுவதற்கு முன்னர், சைக்கிளையும் தராசையும் பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏற்றி வாவியைக் கடந்துதான் அக்கரை செல்வேன். அப்படிச் சென்ற ஒரு நெல் வெட்டுக் காலத்தில், பிரசவித்து 9ஆம் நாளான தாயைத் தேடினால் வீட்டில் அம்மம்மா மட்டும் இருந்து குழந்தைக்குச் சீனித் தண்ணீர் பருக்கிக்கொண்டிருந்தார். ஆள் அனுப்பியதும் அந்தப் பெண் வயலிலிருந்து ஓடி வந்தாள்; பால் கட்டி அவளது சட்டை நனைந்திருந்தது. நான் கடிந்துகொண்டேன். "மிஸி, 31 கழியுமட்டும் வீட்டில் இருக்க எனக்கும் ஆசைதான். அவர் காய்ச்சலில் கிடக்கிறார், கடைக்காரர் கொப்பியை மூடிப்போட்டார்" என்றாள். துடக்கு, அதாவது பிரசவத் தீட்டு, என்று நம் முன்னோர் வகுத்த 31 நாட்கள், வேறெதற்காக இருந்தாலும், தாய்க்கு ஓய்வாகவும் அமைந்தன. அந்த ஓய்வைக்கூடக் கடன் கொப்பி பறித்துவிட்டது. கடிந்துகொண்டதற்காக இன்றும் வருந்துகிறேன். என் பையில் அவளுக்குத் தேவையான எல்லாம் இருந்தன, அரிசிக்கான காசு மட்டும் இருக்கவில்லை.

உதவிகளே இல்லை என்று நான் கூறவில்லை. திரிபோஷா என்ற சத்துமா உண்டு. 2015இல், கர்ப்பிணித் தாய்மாருக்கு மாதம் 2,000 ரூபாவாக 10 மாதங்களுக்குப் போஷாக்கு உணவு வழங்கும் திட்டம் வந்தது. 2023இல் வந்த அஸ்வெசும என்ற அரச நலன்புரித் திட்டம், குடும்பத்தின் நிலையைக் கணக்கெடுத்துப் பணம் தருகிறது. ஆனால் கணக்கெடுத்த நாளில் பிறந்திராத பிள்ளை அந்தக் கணக்கில் இல்லை. நிலையான வேலையிலுள்ள தாய்க்கு 84 நாள் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. களை பிடுங்கும் தாய்க்கும் நெல் ஆலையில் நாட்கூலிக்குப் புடைக்கும் தாய்க்கும் அது எட்டாது.

தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் 1987 முதல் மகப்பேற்று உதவித் திட்டம் ஒன்று நடக்கிறது. 2018இல் அதன் பெறுமதி 18,000 இந்திய ரூபாவாக உயர்ந்தது. அங்கே கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவிலிருந்தே தவணைகள் தொடங்குகின்றன. எந்த நாளில் என்று நான் கேட்பது இதைத்தான்: பிள்ளை பிறந்த வீட்டின் நிலையை முதலில் காண்பவர் மிஸி, அவர் முதல் வருகையில் எழுதும் குறிப்பே பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பமாகச் சென்று, அந்த 31 நாட்களுக்குள் பணம் தாயின் கையில் கிடைக்க வேண்டும். பல கிராமங்களைத் தனியொருவராகப் பார்க்கும் மிஸிக்கு இன்னொரு பதிவேட்டைச் சுமத்தக் கூடாது. இருக்கும் பதிவேட்டின் பிரதியே போதும்.

கூலிக்குச் செல்லும் தந்தையர் அந்நாட்களில் இழக்கும் வருமானம் பற்றியும் பேச எண்ணியிருந்தேன். நேரம் முடிந்துவிட்டதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். நன்றி, வணக்கம்.