துளையின் வாய் விளிம்பில்

நேயர்களுக்கு வணக்கம். பினாங்கின் ஜார்ஜ் டவுனில் காலைப் பசியாறலுக்குப் புட்டு மாயம், அதாவது இடியாப்பம், பிழிவதைப் பார்த்திருப்பீர்கள். அச்சின் துளை எவ்வளவோ, இழையும் ஏறத்தாழ அவ்வளவே. கடலுக்கு இக்கரையில், பிறைத் தொழிற்பேட்டையில், 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகிய பாலிஎத்திலீனை அப்படிப் பிழிந்தால், இழை துளையைவிடத் தடித்து வெளிவரும். குறுகிய வழியில் இழுபட்டு நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள், சுவரின் பிடி விட்டதும் மீண்டும் சுருண்டுகொள்வதே காரணம். கார்ல் பாரஸ் 1893-இல் விவரித்ததால், இதைப் பாரஸ் விளைவு என்கிறோம்.

தண்ணீரோ எண்ணெயோ சீராக ஓடும் குழாயின் விட்டத்தைப் பாதியாக்கினால், அதே அளவு வெளிவர 16 மடங்கு அழுத்தம் தேவை. உருகிய பிளாஸ்டிக் வேகமாக ஓட ஓட இளகிக்கொடுப்பதால், பல பாலிஎத்திலீன் வகைகளுக்கு ஆறேழு மடங்கு போதும். இந்தக் குணம் இல்லையென்றால் மெல்லிய பைகளை இவ்வளவு மலிவாகச் செய்திருக்கவே முடியாது.

ஆனால் அந்தச் சலுகைக்கும் ஓர் எல்லை உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், உற்பத்தியைக் கூட்டச் சொல்லி, உருகலை அச்சுக்குத் தள்ளும் திருகின் வேகத்தை ஏற்றினார்கள். கண்ணாடிபோல் வந்துகொண்டிருந்த படலம் மங்கியது, நகத்தால் வருடினால் நுண்ணிய வரிகள் நெருடின. சுறாத்தோல் என்பது அதுதான். மூலப்பொருளில் ஈரம் என்று மூத்தவர் ஒருவர் அடித்துச் சொல்ல, ஒரு ஷிப்ட் முழுவதும் காயவைத்தோம், வரிகள் போகவில்லை.

கோளாறு மூலப்பொருளில் இல்லை, அச்சின் வாய் விளிம்பில் இருந்தது. உள்ளே சுவரை ஒட்டி அநேகமாக அசையாமல் கிடக்கும் மேற்படலம், விளிம்பைத் தாண்டிய கணமே நடுப்பகுதியின் வேகத்துக்கு இழுக்கப்படுகிறது; அந்தத் திடீர் இழுவையைத் தாங்காமல் வெடிக்கிறது, தளர்கிறது, மறுபடி வெடிக்கிறது. நேர்ச்சங்கிலி வகைப் பாலிஎத்திலீனில் சுவரின் மீதான தகைவு, அதாவது ஓடும் உருகல் சுவரின் ஒவ்வோர் அலகுப் பரப்பையும் இழுக்கும் விசை, 0.1 மெகாபாஸ்கலைத் தாண்டியதுமே பெரும்பாலும் இது தலைகாட்டிவிடும்.

வேகத்தைக் குறைப்பது எளிய வழி. எந்த முதலாளிக்கும் பிடிக்காத வழியும்கூட. புளோரின் கொண்ட பாலிமரை, பத்து லட்சத்துக்குச் சில நூறு பங்கு கலந்தால், அது உலோகச் சுவரில் மெல்லப் படிந்து உருகலை வழுக்கவிடும். எங்களிடம் அன்று அது இல்லை. மூன்றாம் நாள், எந்திரம் முழுவதையும் கூடுதலாகச் சூடேற்றாமல் அச்சின் உதட்டை மட்டும் சற்றுச் சூடாக்கிப் பார்த்தோம். கால் மணி நேரத்தில் நகத்துக்கு எதுவும் நெருடவில்லை.