“அப்போது” என்ற சொல்

அனைவருக்கும் வணக்கம்.

போர் வரலாறு எழுதுகிறவர், போர்களைப் பலகை விளையாட்டாகவும் செய்கிறவர் என்று தலைவர் என்னை இரண்டு ஆளாக அறிமுகப்படுத்தினார். எனக்கு அவை இரண்டும் ஒரே வேலைதான். ஏன் என்பதை வந்தவாசியை வைத்துச் சொல்கிறேன். மூன்று வருடமாக என் மேசையில் விரிந்து கிடப்பது அந்தப் போர்தான்.

1760 ஜனவரி 22. வந்தவாசிக் கோட்டையை ஆங்கிலேயர் முந்தைய நவம்பரில்தான் பிடித்திருந்தார்கள். அதை மீட்க பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகை போட்டிருக்கிறார். முற்றுகையை உடைக்க ஆங்கிலத் தளபதி அயர் கூட் வருகிறார். பிரெஞ்சு அணியின் இடப்பக்கம் ஒரு குளக்கரை. ஆங்கில நூல்களில் இதை ‘டேங்க்’ என்று படித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். நம் ஊர்க் குளத்தைப் பார்த்தவருக்குத்தான் அது தயாராக நிற்கும் கோட்டைச் சுவர் என்று புரியும். அந்தக் கரையில் பீரங்கிகள். கூடவே கப்பல்களிலிருந்து இறங்கிய மாலுமிகள்.

லாலி தானே முன்னால் நின்று அழைத்தும் அவருடைய குதிரைப்படை முதலில் அசையவில்லை. பிறகு கிளம்பியது; பீரங்கிச் சூட்டில் சிதறியது. அடுத்து பிரெஞ்சுக் காலாட்படையான லொரேன் ரெஜிமென்ட் நெருக்கமான அணிவகுப்பாக வந்து ஆங்கில வரிசையில் மோதியது. துப்பாக்கி முனைக் கத்திகளோடு கைகலப்பு; லொரேன் உடைந்தது. அப்போது ஒரு பீரங்கிக் குண்டு குளக்கரையில் இருந்த வெடிமருந்து வண்டியில் விழுந்தது. வண்டி வெடித்து ஏறக்குறைய 80 பேர் மாண்டார்கள் அல்லது காயப்பட்டார்கள். ஆங்கிலேயர் கரையைப் பிடித்தார்கள். அதை மீட்க வந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் குதிரை சுடப்பட்டது, அவர் சிறைப்பட்டார். பிரெஞ்சுப் படை பின்வாங்கியது.

இப்படித்தான் என் கட்டுரையிலும் எழுதியிருந்தேன். ‘அப்போது’ என்று ஒரு சொல் போட்டேன், வண்டி வெடித்தது. வாசகர் யாரும் கேள்வி கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

விளையாட்டுக்கு விதி எழுத உட்கார்ந்த அன்று பேனா அங்கேயே நின்றுவிட்டது. வண்டி எப்போது வெடிக்கும்? யார் சுட்டால் வெடிக்கும்? வெடிக்காமலும் போகலாமா? விதிப்புத்தகத்தில் ‘அப்போது’ என்று எழுத முடியாது.

முதலில் அதை ஒரு சீட்டாக வைத்தேன். ஐந்தாம் சுற்றில் சீட்டைத் திருப்பினால் வண்டி வெடிக்கும். சோதனை ஆட்டத்தில் லாலியாக உட்கார்ந்த நண்பர் வரலாறு நன்றாகப் படித்தவர். நான்காம் சுற்றிலேயே குளக்கரையிலிருந்து ஆட்களை நகர்த்திவிட்டார்! அவர் செய்தது தப்பில்லை, என் விதிதான் தப்பு. அன்று காலை லாலிக்குத் தெரியாத ஒன்றை நான் அவர் கையில் கொடுத்திருந்தேன்.

இந்தச் சிக்கல் பழையது. ஜெர்மானிய அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் படையில் ரைஸ்விட்ஸ் என்ற பீரங்கிப்படை அதிகாரி 1824ல் ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். 1:8000 அளவு வரைபடம், ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடப் போர். ஆடுகிறவர் கட்டளைகளைச் சொல்ல வேண்டும்; நடுவர் அவற்றை நடத்துவார். அந்த இடத்தில் நிற்கும் தளபதியின் கண்ணுக்கு எது தெரியுமோ அதற்கான காய்களை மட்டும் நடுவர் பலகையில் வைப்பார். எதிரி மலைக்குப் பின்னால் இருந்தால் பலகை காலி. தளபதியின் அறியாமையையே விளையாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார் அந்த மனிதர். எத்தனை நூல்கள் படித்தும் எனக்கு உறைக்காத பாடம் அது.

சீட்டைக் கிழித்துப் போட்டேன். புது விதி: இரு தரப்பிலும் எந்த வெடிமருந்து வண்டியும் வெடிக்கலாம். பீரங்கி எட்டும் தூரத்தில் இருந்து, சுடும்போது இரண்டு பகடையிலும் ஆறு விழ வேண்டும். 36ல் ஒரு வாய்ப்பு. வண்டியைப் பின்னால் வைத்தால் பத்திரம், ஆனால் குண்டு வந்து சேரத் தாமதம். இப்போது வண்டி வெடிக்காமல் முடிகிற ஆட்டங்களே அதிகம். அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குள் ஒன்று ஆட்டம் கண்டது. வெடிக்காத ஆட்டங்களிலும் லாலி பெரும்பாலும் தோற்கிறார். குதிரைப்படை அசைய மறுத்ததும், லொரேன் உடைந்ததும் வெடிக்கு முன்பே நடந்துவிட்டனவே! ‘அந்த ஒரு வெடி போரை முடித்தது’ என்று நான் எழுதிய பத்தி அப்படியே நிற்க முடியாது.

அப்படியென்றால் அந்தக் குதிரைப்படை ஏன் அசையவில்லை? அதற்கு விடை தேடிப் போர்க்களத்தை விட்டுப் பணக்கணக்குக்குள் போனேன். மாதக்கணக்கில் சம்பளம் வராமல் 1759 அக்டோபரில் பிரெஞ்சுப் படை கலகமே செய்திருந்தது. மூன்று மாதம் கழித்து அதே ஆட்களைத்தான் லாலி ஆங்கிலப் பீரங்கிகளை நோக்கி ஓடச் சொல்கிறார். புதுச்சேரி வெறும் கஜானாவோடு நின்ற காலம். அந்த ஊரின் உள்வாழ்க்கையை 1736 முதல் தமிழில் எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1761 ஜனவரி 12ல் இறந்தார். நான்கு நாளில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. லாலிக்கு அதற்குப் பிறகும் நிம்மதி இல்லை. 1766ல் பாரிஸில் அவர் தலையை வெட்டினார்கள். எனக்கு அந்த மனிதர் மேல் வருத்தம் உண்டு. கோபக்காரர், யார் பேச்சையும் கேட்காதவர். ஆனால் கூலி கொடுக்காத படையை அவர் கையில் கொடுத்து அனுப்பியது யார்?

என் விளையாட்டில் இப்போது ‘பாக்கி’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்டக்காரர் ஒவ்வொரு தாக்குதலுக்கு முன்பும் அங்கே பகடை போட வேண்டும். பாக்கி ஏற ஏற, படை கட்டளையைக் கேட்கும் வாய்ப்பு குறையும். அந்த விதிக்கு மூன்று வரிதான். அதை எழுத எட்டு மாதம் ஆயிற்று. பிறகு கட்டுரையையும் முதலிலிருந்து எழுதினேன். வண்டி வெடித்தது இப்போது கடைசியில் ஒரு பத்தி; சம்பளப் பாக்கி முதல் பக்கத்திலேயே வந்துவிடுகிறது.

பலகையைப் பக்கத்து அறையில் விரித்து வைத்திருக்கிறேன். இருவர் ஆடலாம், மற்றவர்கள் சுற்றி நின்று பார்க்கலாம். லாலியின் பக்கம் உட்காருகிறவர் முதலில் பாக்கிக் கட்டத்தைப் பார்த்துவிட்டு, பிறகு குதிரைப்படைக் காயைத் தொடுங்கள்.