வாழ்க, ஒழிக, நிற்க

நேயர்களுக்கு வணக்கம்.

தேர்தல் வந்தால் சுவரெல்லாம் வாழ்க, ஒழிக. வினாத்தாளைப் பிரித்தால் பொருத்துக, கோடிட்ட இடங்களை நிரப்புக, எவையேனும் ஐந்தனுக்கு விடை தருக. எல்லாம் ஒரே குடும்பம்தான்: வியங்கோள் வினைமுற்று. நடந்ததைச் சொல்லாது, நடக்கட்டும் என்று சொல்லும். ஆங்கில வகுப்பில் சப்ஜங்டிவ், அதாவது விருப்பத்தையும் நடக்காததையும் சொல்லும் வினை வடிவம், என்றதும் மிரண்டவர்களுக்கு ஒரு சேதி: அதன் வேலையில் ஒரு பங்கை நாம் தினமும் பார்க்கிறோம். லத்தீனில் 'விவாட்' என்றால் நம் 'வாழ்க'தான்.

வாழ்த்தவும் வையவும் வேண்டவும் விதிக்கவும் இது ஒன்றே போதும். க, ய, ர் என்று மூன்று ஈறு சொல்கிறது நன்னூல்: வாழ்க, வாழிய, வாழியர். நான், நீ, அவள், அவர்கள், யாரானாலும் வடிவம் மாறாது. தன்மையிலும் முன்னிலையிலும் இது நிலைக்காது என்றார் தொல்காப்பியர்; எல்லா இடத்திலும் வரும் என்றார் நன்னூலார். வாசலில் நிற்பவரைப் பார்த்தே 'வருக' என்கிறோமே, வழக்கு நன்னூலார் பக்கம் சாய்ந்துவிட்டது.

இப்போது ஒரு ஒற்றுச் சண்டை. பதாகைகளில் 'வாழ்கத் தமிழ்' என்று எழுதுகிறார்கள். கூடாது. வியங்கோளுக்குப் பின் வல்லினம் மிகாது. 'வாழ்க தமிழ்', 'வருக தலைவா'. எழுத்தைப் பார்க்க வேண்டாம், காதால் கேளுங்கள்: 'கற்கச் சென்றான்'. இங்கே ச் அழுத்துகிறது. கற்பதற்காகச் சென்றான், வினையெச்சம்: தானே முடியாமல் அடுத்த வினையைத் தேடும் சொல். 'கற்க கசடற'. அழுத்தம் இல்லை, இது வியங்கோள். கற்க என்ற சொல் இரண்டிலும் ஒன்றே. பிரித்துக் காட்டுவது அந்த ஒற்று மட்டும். அதைக் கண்ட இடத்தில் போட்டால் வாழ்த்து எச்சமாகித் தொங்கும். மறுபடி சொல்கிறேன்: 'கற்க' போன்ற வினையெச்சத்துக்கு மிகும், வியங்கோளுக்கு மிகாது. பழைய கடிதங்களில் நலம் விசாரித்து முடித்ததும் தனியாக 'நிற்க' என்று வருமே, அதுவும் வியங்கோள்தான். அந்தப் பேச்சு அங்கேயே நிற்கட்டும், அடுத்ததைக் கேள் என்று பொருள்.

எதிர்மறைக்கு நடுவில் 'அல்' நுழையும். செய், அல், க: செய்யற்க. 'மறக்க' என்பதிலிருந்து கிளம்பி 'மறக்கற்க' என்றால் தப்பு. பகுதி 'மற', ஆகவே மறவற்க. இந்த அல் பொல்லாதது. பயனில்லாத பேச்சைப் பாராட்டுகிறவனை 'மகன்எனல் மக்கட் பதடி யெனல்' என்கிறது குறள்; பதடி என்றால் பதர். முதல் எனல் 'என்று சொல்லாதே'. இரண்டாவது எனல் 'என்று சொல்'. ஒரே சொல், ஒரே குறள், நேர் எதிர்ப் பொருள். அல் ஈறு இரு பக்கமும் வரும் என்று பரிமேலழகர் உரை சொல்லியிருக்காவிட்டால் பலர் வழுக்கியிருப்போம்.

கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். நடக்காததைச் சொல்லும் வாக்கியத்துக்கு அரை நிமிடம்தான். 'மழை பெய்தால் நெல் விளையும்' என்பதில் மழை இனி வரலாம். 'பெய்திருந்தால் விளைந்திருக்கும்' என்றாலோ, பெய்யவில்லை என்று சொல்லாமலே சொல்லியாயிற்று. 'இரு' இரண்டு பக்கமும் வேண்டும். 'பெய்தால் விளைந்திருக்கும்' என்று ஒரு பக்கம் விட்டால் கேட்பவர் தடுமாறுவார். வணக்கம்.