ஒருவழியாக மேற்கு ஜன்னலுக்கு வெட்டிவேர் தட்டி மாட்டியாச்சு!

வணக்கம் மக்களே. இந்த வாசனை உங்களுக்கு வராதே என்றுதான் எனக்கு வருத்தம். போன வருஷம் கத்திரி வெயில் முழுக்க இந்த அறையில் உட்கார முடியாமல் ஹாலில் எடிட்டிங் செய்ததைப் பார்த்திருப்பீர்கள். இப்போது மணி மூன்றரை. திருச்சி வெயில். அதே அறையிலிருந்துதான் பேசுகிறேன்.

இந்த வேலை ஒரு மாதம் இழுத்ததற்கு ஜன்னல் கதவுதான் காரணம். கதவு வெளிப்பக்கம் திறக்கும், இல்லையா? தட்டியைச் சுவரோடு ஒட்டித் தொங்கவிட்டால் கதவைத் திறக்கவே முடியாது. கடைக்காரர், "உள்ளே மாட்டிக்கோங்க சார், அழகா இருக்கும்" என்றார். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் தட்டி சூடாகும், அந்தச் சூடு அறைக்குள்ளேயே தங்கும். கண்ணாடிக்கு வெளியிலேயே மறித்துவிட வேண்டும். கண்ணாடியில் ஒட்டுகிற கறுப்பு ஃபிலிம் எனக்கு அறவே பிடிக்காது, பட்டப்பகலில் லைட் போடவைக்கும்.

கடைசியில் டேப்பை எடுத்து அளந்தேன். ஒரு கதவு 16 அங்குலம். சன்ஷேடு 24 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் விளிம்பிலிருந்து தொங்கவிட்டால் கதவை முழுசாகத் திறந்தாலும் 8 அங்குலம் மிச்சம்! மேற்கு வெயில் தாழ்வாகச் சாய்ந்து வருவதால் அந்த சன்ஷேடு இத்தனை நாள் சாயங்காலத்தில் எதையுமே மறைக்கவில்லை. இப்போது தட்டியைத் தாங்கி நிற்கிறது. நாலு கொக்கி, ஒன்று 15 ரூபாய், ஆக 60 ரூபாயில் முடிந்தது. இந்த 8 அங்குலத்தை இரண்டு நாளாகப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தட்டி 20 சதுர அடி, சதுர அடி 200 ரூபாய். 4,000 ரூபாய் அதிகம்தான், ஆனால் வேரை நெருக்கமாக வைத்துக் கட்டியிருக்கிறார்கள். கடலூர்ப் பக்கத்து மணல் நிலத்தில் விளைந்த வேராம்.

மதியம் ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை தண்ணீர் தெளிக்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகச் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். வேருக்குள் புகுந்து வரும் காற்று அதைக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்து வருகிறது. அதனால் ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும். மூடிவிட்டால் வெறும் நிழல்தான்.

அட, தட்டியை ஏற்றி இறக்கும் கயிற்றைச் சொல்ல மறந்துவிட்டேன். முதலில் பருத்திக் கயிறு போட்டேன். ஈரத்தில் ஊறி உப்பிக் கப்பியில் சிக்கிக்கொண்டது. நனைந்த தட்டி நல்ல கனம் வேறு. மனசில்லாமல்தான் நைலானுக்கு மாறினேன்.

சென்னையிலிருந்து பார்க்கிறவர்கள் கவனிக்க வேண்டும். கடல்காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும்போது தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது, குளிர்ச்சியும் குறைவு. அங்கே தண்ணீர் தெளிக்காமல் மூங்கில் தட்டியோ கோரைப்பாயோ வெளியே தொங்கவிட்டால் போதும். எங்கள் சமையலறை ஜன்னலில் முசிறிக் கோரைப்பாய்தான் தொங்குகிறது.

அப்புறம், ராத்திரி தட்டி நன்றாகக் காய வேண்டும். எப்போதும் ஈரமாகவே வைத்தால் பூஞ்சை பிடிக்கும், அந்த நாற்றம் வாசனையை அடித்துவிடும். நான் ஆறு மணிக்கு மேல் தண்ணீர் காட்டுவதே இல்லை.

சரி, இந்தப் பக்கம் காய்ந்துவிட்டது. கேமராவை வைத்துவிட்டு வாளியை எடுக்கிறேன்.