இங்க்ஸ்கேப்பில் வரைந்த லோகோ யாருக்குச் சொந்தம்?

வணக்கம் நண்பர்களே. போன மாதம் ஒரு நிறுவனத்துக்கு லோகோ செய்து கொடுத்தேன். பெயர் வேண்டாம். லோகோ அவர்களுக்குப் பிடித்துவிட்டது, பில்லையும் அனுப்பினேன். பணத்துக்குப் பதிலாக ஒரு மெயில்தான் வந்தது. "இதை இங்க்ஸ்கேப்பில் செய்திருக்கிறீர்கள். அது ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். அப்படியென்றால் எங்கள் லோகோவும் ஓப்பன் சோர்ஸ் ஆகிவிடுமா? யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாமா?" என்று அவர்களுடைய சட்ட ஆலோசகர் கேட்கிறாராம். அதுவரை பில் நிலுவையில்.

முதலில் சிரிப்புதான் வந்தது. ஆனால் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான், 'ஆகாது' என்று ஒற்றை வார்த்தையில் முடிக்கிற விஷயம் இல்லை என்று புரிந்தது.

நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்பதுதான் ஓப்பன் சோர்ஸ். இங்க்ஸ்கேப் அந்த வகையில் ஜிபிஎல் என்ற உரிமத்தில் வருகிறது. அந்த மென்பொருளின் நிரலை நகலெடுத்தால், மாற்றினால், பிறருக்குக் கொடுத்தால் என்ன விதி என்பதுதான் ஜிபிஎல்லின் கவலை. 1991-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிடுகிறது: நிரலை இயக்குவதற்குக் கட்டுப்பாடு இல்லை, அது தரும் வெளியீட்டின் உள்ளடக்கமே அந்த நிரலை அடிப்படையாகக் கொண்ட ஆக்கமாக இருந்தால் மட்டும் உரிமம் அதற்கும் பொருந்தும். 2007-இல் வந்த மூன்றாம் பதிப்பிலும் இதே நிலைதான். கொத்தனார் கரண்டியை இரவல் கொடுத்தவர் கட்டி முடித்த வீட்டில் பங்கு கேட்க முடியாது. செங்கல் கொடுத்தவர் கேட்கலாம். அதனால் கோப்புக்குள் செங்கல் ஏதாவது போயிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

பார்த்துவிடுவோம். திரையில் தெரிவது அந்த லோகோவின் எஸ்விஜி கோப்பு, அதாவது படத்தை எழுத்தும் எண்ணுமாக எழுதி வைக்கும் கோப்பு. சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்திருக்கிறேன். மேலே இங்க்ஸ்கேப்பின் பெயர், பதிப்பு எண். அடுத்து 'சோடிபோடி' என்று தொடங்கும் சில வரிகள். சோடிபோடி என்பது பழைய வரைகலை மென்பொருள். 2003-இல் அதிலிருந்து பிரிந்து வந்ததுதான் இங்க்ஸ்கேப். தாய்வீட்டுப் பெயர் இன்னும் கோப்புகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஆலோசகர் கண்ணில் பட்டதும் இந்த வரிகளாகத்தான் இருக்கும். ஆனால் இவற்றில் இருப்பது என்ன? எவ்வளவு ஜூம் வைத்திருந்தேன், கட்டக்கோடு காட்டினேனா, சாளரம் எத்தனை பிக்சல் அகலம். இங்க்ஸ்கேப்பின் நிரல் ஒரு வரிகூட இல்லை. கீழே நீளமாக ஓடும் எண்கள் எல்லாம் நான் இழுத்த வளைவுகள். 'ப்ளெயின் எஸ்விஜி' என்று சேமித்தால் அந்த மேல்வரிகளும் போய்விடும். சட்டப்படி தேவையே இல்லை, இருந்தாலும் அப்படியே சேமித்து அனுப்பினேன்.

செங்கல் உள்ளே போன கதையும் உண்டு. பைசன் என்று ஒரு கருவி. ஒரு மொழியின் இலக்கண விதிகளைக் கொடுத்தால், அதைப் படித்துப் பிரிக்கும் நிரலைத் தானே எழுதித் தரும். அப்படி எழுதும்போது தன்னுடைய சொந்த நிரலில் ஒரு பெரிய துண்டை அப்படியே வெளியீட்டில் ஒட்டிவிடும். அதனால் 1.24 பதிப்புக்கு முன்பு, பைசன் தந்த நிரலை, எல்லோரும் மாற்றிப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளில் மட்டும்தான் சேர்க்க முடியும். பிறகு உரிமத்தில் விதிவிலக்கு சேர்த்தார்கள், 2.2 பதிப்பிலிருந்து அது முழுமையானது. நாம் எழுதும் நிரலைக் கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றித் தரும் ஜிசிசி கம்பைலருக்கும் இதே சிக்கல். கம்பைல் செய்யும்போது அதன் நூலகத் துண்டுகள், அதாவது தயாராக எழுதி வைத்த நிரல்கள், நம் நிரலுக்குள் போகின்றன. அதனால் அந்த நூலகங்களுக்கும் தனி விதிவிலக்கு இருக்கிறது. அது இல்லையென்றால் பாதிப் பேர் ஜிசிசி பக்கமே வந்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

அனிமேஷன் செய்பவர்கள் பிளெண்டரைப் பற்றிக் கவலைப்படுவார்கள். 2002-இல் ஒரு லட்சம் யூரோ நிதி திரட்டி ஜிபிஎல்லுக்கு மீட்டெடுத்த மென்பொருள் அது. அதில் செய்யும் படம், வீடியோ, பிளெண்ட் கோப்பு எல்லாம் உங்களுடையவை. 2025-இல் ஆஸ்கர் வாங்கிய 'ஃப்ளோ' பிளெண்டரில் உருவான படம்தான். அதை யாரும் இலவசமாகக் கொடுக்கச் சொல்லவில்லை. சறுக்குவது ஆட்-ஆன், அதாவது கூடுதல் வசதி தரும் துணை நிரல், எழுதும்போது. பிளெண்டரின் ஏபிஐயை, அதாவது பிற நிரல்கள் அதனோடு பேசும் வழியை, பயன்படுத்தும் பைத்தான் ஸ்கிரிப்ட்டை வெளியிட்டால், ஜிபிஎல்லோடு ஒத்துப்போகும் உரிமத்தில்தான் வெளியிட வேண்டும் என்பது பிளெண்டர் தரப்பின் நிலை. விற்கலாம், தடையில்லை. ஆனால் வாங்கியவர் அதை மறுபடியும் பகிர்ந்தால் நீங்கள் தடுக்க முடியாது.

லோகோவுக்கு வருவோம். அதில் ஒரு நோட்டோ எழுத்துரு இருக்கிறது, எழுத்துருக்களுக்கான ஓஎஃப்எல் என்ற திறந்த உரிமத்தில் வருவது. அந்த எழுத்துருவைக் கொண்டு உருவாக்கும் ஆவணத்துக்கு அதே உரிமம் தேவையில்லை என்று அந்த உரிமமே சொல்கிறது. ஜிபிஎல் எழுத்துரு என்றால் கொஞ்சம் நிதானம் வேண்டும். பிடிஎஃப்பில் எழுத்துருவே உட்கார்ந்துவிடும் என்பதால், அதற்கான விதிவிலக்கு வரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் மாட்டிக்கொள்ள வைப்பது மென்பொருள் இல்லை, இணையத்தில் எடுத்துச் சேர்க்கிற டெக்ஸ்ச்சர் என்கிற மேற்பரப்புப் படம், கிளிப் ஆர்ட், இசை. இந்த வீடியோவின் தொடக்க இசை கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய் உரிமத்தில் வந்தது, அதனால் இசையமைத்தவர் பெயரை வீடியோவுக்குக் கீழே போட்டே ஆக வேண்டும். ஓபிஎஸ்ஸில் பதிவு செய்து கேடென்லைவில் வெட்டினேன், இரண்டும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்கள், அவற்றின் பெயரைச் சொல்ல எந்தக் கட்டாயமும் இல்லை. 'வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற குறிப்போடு வரும் டெக்ஸ்ச்சர் ஒன்று லோகோவில் இருந்திருந்தால், அந்த ஆலோசகர் கேட்டது நியாயமே. வேடிக்கை என்னவென்றால், மூடிய மென்பொருளின் மாணவர் பதிப்புகள் பலவற்றில்தான் காசுக்கு வேலை செய்யக் கூடாது என்ற விதி வரும். ஓப்பன் சோர்ஸ் உரிமம் அப்படிச் சொல்லவே முடியாது. சொன்னால் அதற்கு ஓப்பன் சோர்ஸ் என்ற பெயர் கிடைக்காது.

சரி, பதிலை எழுதினேன். எழுதும்போதுதான் எங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். லோகோவின் பதிப்புரிமையை நான் அவர்களுக்கு மாற்றிக் கொடுப்பதாக அதில் ஒரு வரிகூட இல்லை. மென்பொருளின் உரிமத்தைத் துருவிய ஆலோசகர் இதைக் கேட்கவே இல்லை. நானே அந்த வரியைச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டு, பில்லோடு மறுபடியும் அனுப்பினேன். நான்காவது நாள் பணம் வந்தது.