கவுனாஸ் நகரத்துப் பச்சை மரம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

டிசம்பர் மாதக் கடைசியில் லித்துவேனியா நாட்டில் பிற்பகல் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். நேமுனஸ், நேரிஸ் என்னும் இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் அமைந்த கவுனாஸ், அந்நாட்டின் இரண்டாவது பெரிய நகரம். 2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு அந்நகரத்தின் நடுவில் 13 மீட்டர் உயரத்துக்கு, ஏறத்தாழ நான்கு மாடி அளவுக்கு, ஒரு மரம் எழுந்து நின்றது. இருட்டியதும் உள்ளே விளக்கேற்றினால், அது அடி முதல் நுனி வரை மரகதப் பச்சையாக ஒளிர்ந்தது. அதில் ஓர் இலையோ ஒரு கிளையோ இல்லை. குடித்துவிட்டுத் தூக்கியெறிந்த 40,000 பிளாஸ்டிக் பாட்டில்களை, மின்பணியாளர்கள் 'கேபிள் டை' என்று சொல்லும் மெல்லிய பட்டைகளால் ஒன்றோடொன்று பிணைத்து அந்த மரத்தை உருவாக்கியவர் யோலான்டா ஷ்மிட்டியேனே என்ற கலைஞர்.

அது எந்த இடத்தில் நடந்தது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். பொது இடத்தில் கிறிஸ்துமஸ் மரம் நிறுத்தும் வழக்கத்தைத் தாங்களே தொடங்கியதாக உரிமை கொண்டாடும் இரண்டு நகரங்கள் அந்தப் பால்டிக் கரையில்தான் இருக்கின்றன. எஸ்தோனியாவின் டாலின் 1441ஆம் ஆண்டைச் சொல்கிறது. லாட்வியாவின் ரீகா 1510ஆம் ஆண்டைச் சொல்கிறது. ஊசியிலைக் காடுகளுக்கும் அங்கே பஞ்சமில்லை. வெட்டி வந்து நிறுத்த நல்ல மரம் கிடைக்காத ஊர் அல்ல கவுனாஸ். ஆனாலும் அந்த ஆண்டு அந்நகரத்தார் தாங்களே வீசிய பொருளைத் தங்கள் பண்டிகையின் நடுவே நிமிர்த்தி வைத்துப் பார்த்தார்கள். 2009ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 15 விழுக்காடு சுருங்கிய பொருளாதாரத்திலிருந்து அந்த நாடு அப்போதுதான் மெல்லத் தேறி வந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்து எண்ணும்போது, அந்த மரத்தின் மேல் எனக்குத் தனிப் பரிவு உண்டாகிறது.

அந்தக் கலைஞரிடம் நான் மிகவும் மதிப்பது, பொருளை மறைக்காத அவருடைய நேர்மையை. பாட்டில்களுக்கு வண்ணம் பூசி அவற்றை வேறொன்றாகக் காட்ட அவர் முயலவில்லை. பிளாஸ்டிக்கின் பச்சை நிறமே மரத்தின் பச்சையாயிற்று. ஒளியை ஊடுருவ விடும் அதன் இயல்பே விளக்கின் அழகாயிற்று. இந்தப் பச்சை நிறத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய பாட்டில் தொழிலில் நிறமற்ற பாட்டிலுக்கு இருக்கும் மதிப்பு பச்சைப் பாட்டிலுக்கு இல்லை. நிறமற்றதை உருக்கினால் மீண்டும் எந்த நிறப் பொருளும் செய்யலாம். பச்சையை உருக்கினால் பச்சையோ அதைவிட இருண்ட நிறமோதான் வரும். ஸ்ப்ரைட் பானம் 2022ஆம் ஆண்டு வட அமெரிக்காவில் தன் பச்சைப் பாட்டிலைக் கைவிட்டு நிறமற்ற பாட்டிலுக்கு மாறியதற்கு இதுவே காரணம். மறுசுழற்சிக் கூடத்தில் குறைந்த விலைக்குப் போகும் நிறம் கவுனாஸ் மரத்தில் நகரத்தின் விளக்காக நின்றது.

மாற்றுப் பொருளில் மரம் செய்யும் எண்ணம் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில், காட்டு மரங்களை வெட்டுவது அளவுமீறிப் போகிறது என்ற கவலை எழுந்தபோது, வாத்து இறகுகளுக்குப் பச்சைச் சாயமேற்றிக் கம்பியில் சுற்றிக் கிளைகளாக்கினார்கள். பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரில் 2010ஆம் ஆண்டு மூஸ் என்ற வடிவமைப்புக் குழுவினர் தட்டு, கிண்ணம், கோப்பை எனப் பீங்கான் பாத்திரங்கள் 5,000 கொண்டு 9 மீட்டர் உயர மரம் எழுப்பினர். அவை ஊர்மக்கள் தம் வீட்டு அலமாரிகளிலிருந்து எடுத்துக் கொடுத்த பாத்திரங்கள். தன் பாட்டி சோறிட்ட தட்டு எந்த அடுக்கில் இருக்கிறது என்று அண்ணாந்து தேடும் மனிதருக்கு, அந்த மரம் வெறும் காட்சிப் பொருளாக இருந்திருக்க முடியாது.

இந்த வகையில் என் மனத்தில் அழுத்தமாகப் பதிந்திருப்பது லெபனான் நாட்டு மரம். அந்நாட்டின் வடகரையில், சிமெண்ட் ஆலைகளுக்குப் பெயர்போன ஷெக்கா என்ற ஊரில், 2019ஆம் ஆண்டு கரோலின் ஷப்தினி என்ற பெண் 28.5 மீட்டர் உயரத்துக்கு ஒரு மரத்தை எழுப்பினார். அதற்குச் சென்ற பாட்டில்கள் 1,29,000. கட்டி முடிக்க ஏறக்குறைய இருபது நாள்கள் ஆயின. பாட்டில்களைச் சேகரிக்க ஆறு மாதங்கள் ஆயின. இந்த இரண்டு கால அளவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்படி நேயர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வேலையின் பெரும்பகுதி ஏணியின் மேல் நடக்கவில்லை; வீடு வீடாக, கடை கடையாக, குப்பைக்குப் போகவிருந்த பாட்டிலைத் தடுத்து நிறுத்திய அந்த ஆறு மாதங்களில் நடந்தது.

லெபனானில் குப்பை என்ற சொல்லுக்குத் தனிக் கனம் உண்டு. தலைநகர் பெய்ரூத்தின் குப்பையை வாங்கிவந்த நாஅமே குப்பைக் கிடங்கு, 1997ஆம் ஆண்டு தற்காலிகமாகத் திறக்கப்பட்டு, நிரம்பி வழிந்து, 2015ஆம் ஆண்டு ஜூலையில் மூடப்பட்டபோது, மாற்று இடம் ஆயத்தமாக இல்லாததால் தெருக்களிலும் பாலங்களின் அடியிலும் மூட்டைகள் மலைபோலக் குவிந்தன. மக்கள் அதை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். ஷெக்காவின் மரம் எழுந்த 2019 டிசம்பரிலும் நாடு பெரும் போராட்டத்திலும் பணநெருக்கடியிலும் சிக்கியிருந்தது. அத்தகைய நேரத்தில் ஓர் ஊர் கூடி, தன் குப்பையைத் தானே எண்ணி எடுத்து, பண்டிகை முடிந்ததும் மரத்தைப் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவதாக முன்கூட்டியே அறிவித்ததைப் பெரிய செயலாகவே நான் கருதுகிறேன்.

பிரிப்பதைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். இத்தகைய மரங்களைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் விளக்கேற்றும் நாளோடு நின்றுவிடுகின்றன. பாட்டில் செய்யப் பயன்படும் பிளாஸ்டிக்கைப் பெட் என்கிறோம். அதன் மூடி வேறு வகைப் பிளாஸ்டிக். மறுசுழற்சிக் கூடத்தில் பாட்டில்களைச் சிறு துண்டுகளாக நறுக்கி நீர்த்தொட்டியில் போடுவார்கள். மூடித் துண்டுகள் மிதக்கும், பெட் துண்டுகள் மூழ்கும், இரண்டும் எளிதாகப் பிரிந்துவிடும். ஆனால் பாட்டில்களைக் கட்டப் பயன்படும் கேபிள் டை நைலானால் ஆனது. நைலானும் நீரில் மூழ்கும். அது பெட்டோடு சேர்ந்தே அடியில் தங்கி, சேர்ந்தே உருகினால், கிடைக்கும் பிளாஸ்டிக் மஞ்சள் பாரித்துத் தரம் குறையும். ஆகவே மரத்தைப் பிரிப்பவர்கள் ஒவ்வொரு பட்டையையும் கையால் வெட்டி நீக்க வேண்டியிருக்கிறது. வண்ணச் சாயம் தெளித்திருந்தாலோ, பசை ஊற்றி ஒட்டியிருந்தாலோ, சரிகைத் தூள் தூவியிருந்தாலோ பாட்டில் மறுபடி பாட்டிலாகும் வழியே அடைபட்டுவிடும். அழகுக்காகச் செய்த ஒரு சிறு சேர்க்கை, மறுசுழற்சிக்குப் போகக்கூடிய பொருளை நிரந்தரக் குப்பையாக்கிவிடுகிறது. எனவே ஒரு மரத்தைப் பார்க்கும்போது, அதில் எத்தனை பாட்டில்கள் என்பதைவிட, அவற்றை எதனால் இணைத்திருக்கிறார்கள் என்றே நான் முதலில் தேடுகிறேன்.

லண்டனில் இன்று டேட் பிரிட்டன் என்று வழங்கும் கலைக்கூடம் 1988 முதல் கலைஞர்களைக் கொண்டு கிறிஸ்துமஸ் மரம் அமைத்து வந்தது. 1997ஆம் ஆண்டு மைக்கேல் லேண்டி அங்கே வைத்தது, பண்டிகைக்குப் பின் மிஞ்சும் குப்பையும் தூக்கியெறிந்த மரங்களும் நிரம்பி வழியும் ஒரு பெரிய குப்பைத்தொட்டி. நான்கு ஆண்டுகள் கழித்துத் தன் உடைமைகள் 7,227ஐயும் மக்கள் பார்க்கப் பொடியாக்கிய கலைஞர் அவர். அந்தத் தொட்டி கடுமையான படைப்பு. குழந்தையை அழைத்துச் சென்று காட்ட மனம் வராது. கவுனாஸின் கலைஞரும் அதே குப்பையைத்தான் காட்டினார். ஆனால் அதன் முன் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கலாம். இரண்டில் எது நம்மை நெடுநாள் உறுத்தும் என்று கேட்டால், நான் கவுனாஸ் மரத்தையே சொல்வேன். அழகென்று ரசித்தபின் அது என்னவென்று தெரியவரும் அந்தக் கணம் எளிதில் மறக்கக்கூடியதன்று.

கவுனாஸ் மரத்துக்குப் பிந்திய கதை ஒன்று உண்டு. 2016 பிப்ரவரியில் லித்துவேனியா பாட்டில்களுக்கு வைப்புத்தொகை முறையைக் கொண்டுவந்தது. பானம் வாங்கும்போது பாட்டிலுக்கு 10 சென்ட் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்; காலிப் பாட்டிலைக் கடையில் உள்ள இயந்திரத்தில் இட்டால் அந்தத் தொகை திரும்பக் கிடைக்கும். நம் நீலகிரியில் 2022 முதல் மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் வாங்கித் திருப்பித் தருகிறார்களே, அதே ஏற்பாடுதான். இரண்டே ஆண்டுகளில் லித்துவேனியாவில் விற்ற பாட்டில்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் திரும்பி வந்தன. 2011இல் எறியப்பட்டுக் கிடந்த அந்த 40,000 பாட்டில்களை இன்று ஒரு கலைஞர் அதே நகரத்தில் சேர்க்க வேண்டுமானால், ஒவ்வொன்றுக்கும் 10 சென்ட் வீதம் 4,000 யூரோ கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

நன்றி, வணக்கம்.