மலேரியாவுக்கு ஆகாத ரத்தம்
(மும்பை தாராவியில நடந்த மழைக்கால மருத்துவக் கூட்டத்துல பேசுனது)

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி நிக்கிறவங்க முன்னாடி வாங்க, ஃபேன் இங்கதான் நல்லா ஓடுது.

கொசுவப் பத்தியும் ரொனால்ட் ராஸ் பத்தியும் பள்ளிக்கூடத்துலயே படிச்சிருப்பீங்க, அத விடுங்க. கொசு கடிச்சதுக்கு அப்புறம் உள்ள என்ன நடக்குதுன்னு பாப்போம். மலேரியா கிருமி முதல்ல ஈரல்ல தங்கிப் பெருகும், அப்புறம் சிவப்பணுக்குள்ள பூந்து அங்க இருக்குற ஹீமோகுளோபினத் தின்னு வளந்து, ஏறக்குறைய 48 மணி நேரத்துல அந்த அணுவையே உடைச்சிட்டு வெளிய வந்து அடுத்ததுல பூரும், இதுல ஃபால்சிபாரம்னு ஒரு வகை இருக்கு பாருங்க, அது தான் குடியிருக்குற அணுவோட மேல்தோல்ல ஒரு பசை மாதிரி புரதத்த அனுப்பி வச்சு ரத்தக்குழாய் சுவர்ல ஒட்டிக்கும், மூளையில அப்படி ஒட்டுனா ஆளுக்கு நினைவு தப்பிரும்.

இப்ப சிக்கில் செல் ஜீன், அதாவது சிவப்பணுவ அரிவாள் மாதிரி வளைய வைக்குற பரம்பரை ஜீன், ஒண்ணே ஒண்ணு மட்டும் இருக்குறவங்கள எடுத்துக்கோங்க, அவங்களுக்குப் பேரு கேரியர். ஆக்சிஜன் கம்மியான இடத்துக்குப் போனா கிருமி பூந்த அணு அரிவாளா வளையுது, கிருமியால வளர முடியல, அந்தப் புரதமும் மேல சரியா வந்து சேரல. காய்ச்சல் வரும், ஆனா உயிருக்கு ஆபத்தான மலேரியா பத்துல ஒரு பங்காக் குறைஞ்சிரும். 1954ல ஆலிசன்னு ஒரு டாக்டர் கிழக்கு ஆப்பிரிக்காவுல பாத்துச் சொன்னது இது. தலசீமியான்னு ஹீமோகுளோபின் சரியா உண்டாகாத பரம்பரை ரத்த நோய் ஒண்ணு இருக்கு, அதோட கேரியருக்கும் இதே மாதிரி பாதுகாப்பு இருக்கலாம்னு 1949லயே சொன்னவர் ஹால்டேன்னு ஒரு மரபியல் விஞ்ஞானி, பின்னால இந்தியாவுக்கே வந்து குடியுரிமை வாங்கி புவனேஸ்வர்ல செத்தாரு. நம்ம நீலகிரி பழங்குடிகள்கிட்ட சிக்கில் ஜீன் இருக்குறத 1952லயே கண்டுபிடிச்சிட்டாங்க.

"அப்ப நல்லதுதான டாக்டர்"னு கேப்பீங்க. இல்லம்மா. அப்பா அம்மா ரெண்டு பேரும் கேரியரா இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலுல ஒரு பங்கு ரெண்டு ஜீனும் சேந்துரும், அந்தப் பிள்ளைக்கு பாதுகாப்பெல்லாம் கிடையாது, ஏற்கனவே ரத்தம் கம்மி, மலேரியா வந்தா அதுவே ஆளக் கொன்னுரும். நாமதான் அக்கா மகளையும் அத்தை மகனையும் விடமாட்டோமே, ஒரே குடும்பத்து ஜீன் ரெண்டு பக்கமும் வர வாய்ப்பு கூடும்ல. ஜாதகம் பாக்குற அன்னைக்கே ஹெச்பிஎல்சின்னு ஹீமோகுளோபின் வகையப் பிரிச்சுக் காட்டுற ரத்த டெஸ்ட் ஒண்ணு எடுத்துருங்க, தலசீமியா கேரியரும் அதுலயே தெரிஞ்சிரும். அது தெரியாம, இரும்புச்சத்துதான் கம்மின்னு நெனச்சு வருஷக்கணக்கா இரும்பு மாத்திரை முழுங்குறவங்க நெறைய பேரு.

இன்னொண்ணு ஜி6பிடி குறைபாடு, அதாவது சிவப்பணுவப் பாதுகாக்குற ஒரு நொதி பிறவியிலேயே கம்மியா இருக்குறது, ஆம்பளைப் பிள்ளைங்களுக்குத்தான் அதிகம். இதுவும் மலேரியாவ ஓரளவு தடுக்குற குறைதான், ஆனா வேடிக்கை பாருங்க, வைவாக்ஸ்னு இன்னொரு வகை மலேரியா கிருமி ஈரல்ல ஒளிஞ்சிருக்குறத ஒழிக்க 14 நாள் குடுக்குற பிரைமாகுயின் மாத்திரை இவங்க சிவப்பணுவ உடைச்சிரும். அதனால மாத்திரை ஆரம்பிக்கும் முன்னாடி ஜி6பிடி பாத்தாச்சான்னு டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க, கூச்சப்படாதீங்க. மாத்திரை போட்டு யூரின் கட்டங்காப்பி கலர்ல போச்சுன்னா உடனே மாத்திரைய நிப்பாட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, மறுநாள் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க.